மலை பஸ்ஸில் ஒரு கப்பல்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கடல் கிடையாது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரித்தபோது மரக்காணம் கடற்கரை அவர்கள் பங்கோடு நின்றுவிட்டது. நமக்குக் கல்வராயன் மலை. பாகப்பிரிவினை என்றால் அப்படித்தான்!

ஆனால் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இந்த மலையில்தான். கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி வெள்ளிமலைக்கு பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. பக்கத்து சீட்டுப் பெரியவர், கடற்படை ஹெலிகாப்டர் பிரிவில் ரிட்டயர் ஆனவர். ஐ.என்.எஸ். விராட் கப்பலில் இருந்தவராம். 1987 முதல் 2017 வரை நம் கடற்படையில் ஓடிய கப்பல்.

வளைவில் நான் கம்பியை இறுக்கிப் பிடிக்க, பெரியவர் சிரித்தார்.

"இந்த ரோடாவது ஒரு எடத்துல கெடக்குது தம்பி. அங்க நாம எறங்க வேண்டிய தரையே ஓடிக்கிட்டு இருக்கும். மேலயும் கீழயும் வேற ஆடும்!"

"தினமும் என்னங்க வேலை?"

"மொத வேலை, பொறுக்கறது!"

"என்னது?"

"வரிசையா நின்னு டெக் முழுக்க நடப்போம். ஒரு நட்டு, ஒரு ஆணி கெடந்தாலும் எடுத்துடணும். இன்ஜின் அதை உறிஞ்சிட்டா தொலைஞ்சுது. அப்புறம்தான் சேத்தக்கைக் கட்டியிருக்கிற சங்கிலியை அவுப்போம்."

சேத்தக் என்பது சின்ன ஹெலிகாப்டர். போர் விமானங்கள் கிளம்புவதற்கு முன் அதுதான் முதலில் எழும்பும். உள்ளே ஒரு டைவர், ஆளைத் தூக்க ஒரு கம்பி வடம். விமானி யாராவது கடலில் விழுந்தால் உடனே தூக்க வேண்டும். கடைசி விமானம் பத்திரமாக இறங்கிய பிறகே அது இறங்கும்.

பெரிய ஹெலிகாப்டரான ஸீ கிங்குக்கு வேறு உத்தியோகம். அந்தரத்தில் நின்றபடி சோனார் கருவியைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, நீர்மூழ்கி எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று ஒட்டுக்கேட்கும். திரும்பி வந்ததும் உப்பு அரிக்காமலிருக்க நல்ல தண்ணீரில் அலசுவார்கள்.

"எங்களுக்கு முன்னாடி அதுக்குத்தான் குளியல்!"

"சேத்தக்ல போய் எத்தனை பேரைத் தூக்கினீங்க?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"நான் இருந்தவரைக்கும் ஒருத்தரையும் இல்லே. போனோம், சுத்தினோம், எறங்கினோம். சும்மா எறங்கின நாள்தான் தம்பி நல்ல நாள்."

விராட் போய்விட்டது. 2022-ல் கொச்சியில் 262 மீட்டர் நீள விக்ராந்த் சேர்ந்தது. கடற்படை ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் நம் அரக்கோணத்தில், ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் இருக்கிறது. 2024 ஜூனில் அங்கே தேறிய அனாமிகா ராஜீவ்தான் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட். ஆட்கள் மாறலாம், கப்பல் மாறலாம். விழுகிறவனுக்காக ஒருவர் பக்கத்திலேயே காத்திருக்கும் அந்த வேலை மாறவில்லை.

வெள்ளிமலையில் இறங்கினோம். மர நிழலில் ஒரு 108 வண்டி. டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். 'டூட்டி நேரத்தில் தூக்கமா?' என்று முணுமுணுக்க வாயெடுத்தேன்.

பெரியவர் என் தோளைத் தட்டினார்.

"தூங்கட்டும் தம்பி. மலையில இன்னிக்கு எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்."