ரோடு வராத தெரு!

ஷூ லேஸை இறுக்கிக் கட்டிட்டீங்களா பாஸ்? இன்னிக்கு முழுக்க நடராஜா சர்வீஸ்தான். ஊர், நார்வேயில் இருக்கும் ட்ரோன்ஹைம். ஸ்பெல்லிங்கில் நடுவில் ஒரு 'டி' உண்டு. ஊர்க்காரங்க அதை முழுங்கிடுறாங்க, நாமளும் முழுங்கிடலாம்.

காலேஜ் ப்ராஜெக்ட் புண்ணியத்தில், ஜூன் மாசம் ரெண்டு வாரம் அங்கே இருந்தேன். முதல் நாலு நாளும் நசநசனு மழை. அஞ்சாவது நாள் சனிக்கிழமை, ஜன்னலைத் திறந்தா... பளீர் வெயில்! நாமன்னா வெயிலைப் பார்த்ததும் நிழல் தேடி ஓடுவோம். இங்கே மொத்த ஊரும் வீட்டைப் பூட்டிக்கிட்டு வெயிலுக்கு ஓடி வந்துடுச்சு. எங்கே புல் தெரிஞ்சாலும் அதுமேல நாலு பேர் மல்லாந்து கிடக்காங்க. ஜூன் கடைசியில் ராத்திரி பதினொன்றரை வரைக்கும் சூரியன் இறங்காது. அதனால அவசரமே இல்லை, மெதுவா நடங்க.

முதல் ஸ்டாப், ஊர் நடுவில் இருக்கும் சந்தைச் சதுக்கம். உயரமான தூண்மேல் நிற்கிறாரே, அவர்தான் ராஜா ஒலாவ் ட்ரிக்வாசன். 997-ல் இந்த ஊரை உண்டாக்கினவர். அவர் நிற்கும் தூணே ஒரு சூரியக் கடிகாரம். தூணின் நிழல்தான் முள், தரைதான் டயல். ஆனா, நிழலைப் பார்த்து வாட்ச்சைத் திருத்திடாதீங்க. இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது, கோடைக்கால கடிகாரத்தில் மணி மதியம் 1.20 ஆகியிருக்கும். ஒரு மணி நேரத்தைக் கோடைக்காக முன்னாடி தள்ளி வெச்சிருக்காங்க. மீதி இருபது நிமிஷம், இந்த ஊர் இருக்கும் தீர்க்கரேகையோட வேலை. சர்வேயிங் பேப்பரில் படிச்ச ஒரு விஷயம் வாழ்க்கையில் முதல்முறையா உதவுச்சு!

ஆமா, நான் சிவில் இன்ஜினீயரிங். அதை மனசில் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சதுக்கத்தில் நின்னு ரெண்டு பக்கமும் பாருங்க. தெரு பெருசா, நேரா, ஸ்கேல் வெச்சுக் கிழிச்ச மாதிரி இருக்கா? அது சும்மா அழகுக்காக இல்லை. 1681-ல் ஒரு பெரிய தீ விபத்தில் ஊரே கிட்டத்தட்ட சாம்பலாச்சு. எல்லாம் மரவீடு, எல்லாம் குறுகலான சந்து. ஒரு வீட்டில் பிடிச்ச தீ அடுத்த வீட்டுக்கு எட்டிக் குதிச்சுக்கிட்டே போயிருக்கு. அதுக்கப்புறம் சிசின்யோன் என்கிற ராணுவ இன்ஜினீயரைக் கூப்பிட்டு, புது ஊருக்கு பிளான் போடச் சொன்னாங்க. தீ தாண்ட முடியாத அகலத்துக்குத் தெருக்களைக் கிழிச்சார் மனுஷன். அதில் ஒண்ணுதான் இந்த முங்கெகாத்தா. ஒரு முனையில் கதீட்ரல், இன்னொரு முனையில் கடல் நடுவே முங்க்ஹோல்மென் தீவு. அதுக்கப்புறமும் ஊர் எரியாமல் இல்லை. ஆனா, முன்னூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அவர் போட்ட கோட்டில்தான் இன்னிக்கும் பஸ் ஓடுது. நடுநடுவே பழைய சந்துகளும் மிச்சம் இருக்கு. அதுக்குள்ளேயும் நுழைஞ்சு பாருங்க, ரெண்டு கையையும் விரிச்சா சுவரைத் தொட்டுடலாம் போலிருக்கும்.

நேரா போனா நிடாரோஸ் கதீட்ரல். 1030-ல் போரில் செத்த இன்னொரு ஒலாவ் (ரெண்டு ஒலாவையும் குழப்பிக்காதீங்க, நான் குழம்பி ஒருநாள் முழுக்க தப்புத் தப்பா சொல்லிட்டுத் திரிஞ்சேன்) புனிதர் ஆனார். அவர் சமாதிமேல் 1070-ல் கட்ட ஆரம்பிச்ச கோயில் இது. எத்தனையோ தடவை எரிஞ்சு, பாதி இடிஞ்சு கிடந்ததை 1869-ல் சீரமைக்கத் தொடங்கினாங்க. முடிச்சது எப்போ தெரியுமா? 2001-ல்! நாம ஃப்ளைஓவர் லேட்டாகுதுனு புலம்புறோம்.

முகப்பில் வரிசை வரிசையா கல் சிலைகள். கழுத்து வலிக்க அண்ணாந்து, இடதுபக்க கோபுரத்து உச்சியைப் பாருங்க. அங்கே நிற்கிற தேவதூதர் மைக்கேலுக்கு முகம் கொடுத்தது யார்னா, பாடகர் பாப் டிலன்! வியட்நாம் போரை எதிர்த்தவர் என்பதால் அவரை மாடலா வெச்சு செதுக்கினேன்னு சிற்பி கிறிஸ்டோஃபர் லேய்ர்டால் பின்னாளில் சொன்னார். பெரிய கோயிலுக்குள் இப்படி ஒரு குறும்பு.

கோயிலைத் தாண்டினா நிடெல்வா ஆறு. ஊரை ஒரு வளையம் மாதிரி சுத்திக்கிட்டுப் போகுது. சிவப்பு மரத்தில் செதுக்கின வளைவுகளோட ஒரு பாலம் இருக்கு பாருங்க, அதுதான் பழைய நகரப் பாலம். முதல் பாலம் சிசின்யோன் காலத்தில் வந்தது. இப்போ இருப்பது 1861-ல் கட்டினது. நடுவில் நின்னு ரெண்டு பக்கமும் பார்த்தீங்கன்னா, தண்ணிக்குள் மரக்கால் ஊன்றி நிற்கும் கிடங்குகள். சிவப்பு, மஞ்சள், பச்சைனு கலர் கலரா. படகில் வந்த சரக்கை நேரா உள்ளே ஏத்துவாங்களாம். இப்போ அதுக்குள் ஆபீஸ், ஓட்டல், வீடு. வெயில் பட்டு எல்லாக் கலரும் ஆத்தில் தலைகீழா ஆடுது. போட்டோ எடுத்துக்குங்க. எல்லாரும் எடுக்கிற அதே போட்டோதான், இருந்தாலும் எடுங்க.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பக்லான்டெ. இதுக்காகத்தான் உங்களை இவ்வளவு தூரம் நடக்க வெச்சேன். கூழாங்கல் பாவின தெரு, ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டி மரவீடுகள். ஒரு காலத்தில் தொழிலாளிகள் குடியிருந்த பகுதி. ஒரு வீடு லேசா சாய்ஞ்சு பக்கத்து வீட்டுத் தோளில் கை போட்ட மாதிரி இருக்கு. வாசல்தோறும் பூத்தொட்டி. காபிக்கடையில் இதய வடிவத்தில் வாஃபிள், மேலே பழுப்பு நிறத்தில் இனிப்பா ஒரு சீஸ். முதல் கடியில் 'என்னடா இது'ம்பீங்க, ரெண்டாவது கடியில் இன்னொண்ணு கேட்பீங்க.

இந்தத் தெரு இன்னிக்கு இருந்திருக்கவே கூடாது. 1960-களில் நகராட்சி இது வழியா நாலு வழிச் சாலை போடத் திட்டம் போட்டுச்சு. எப்படியும் இடிக்கப்போறோம்னு வீடுகளை ரிப்பேர் பண்ணாமலே விட்டாங்க. கூரை ஒழுகுச்சு, வாடகை விழுந்துச்சு. அந்த வாடகைக்கு ஆசைப்பட்டு வந்து சேர்ந்தவங்களில் மாணவர்கள் நிறைய. வந்தவங்க சும்மா இருக்கலை. குடியிருந்தவங்களோட சேர்ந்து வருஷக்கணக்கில் எதிர்த்தாங்க. 1980-களின் தொடக்கத்தில் திட்டத்தையே கைவிட்டாங்க. ரோடு வரலை.

வாஃபிளைக் கையில் வெச்சுக்கிட்டு நான் திருதிருனு முழிச்சேன். ஏன்னா, போன செமஸ்டரில் ஹைவே பேப்பருக்கு டோப்போ ஷீட்மேல் ஒரு சாலை வரையணும். நானும் என் லேப்மேட்டும் சேர்ந்து அழகா, நேரா ஒரு கோடு போட்டோம். கோட்டுக்குக் கீழே குட்டிக் குட்டியா சிவப்புக் கட்டங்கள். கட்டம்னா வீடு. 'கையகப்படுத்த வேண்டியவை'ன்னு ஒரு வரி எழுதினோம். இருபதுக்குப் பதினெட்டு மார்க். சுத்திப் போயிருந்தா நீளம் கூடும், மார்க் குறையும். அந்தக் கட்டம் ஒண்ணு இப்போ எனக்கு முன்னாடி பூத்தொட்டியோட நிக்குது!

சிசின்யோன் போட்டதும் கோடுதான். ஆனா, அவர் எரிஞ்சு முடிஞ்ச ஊர்மேல் போட்டார்.

சரி, மேல போவோம். பாலத்துக்கு எதிரில் ஒரு செங்குத்தான ஏத்தம். சைக்கிள்காரங்களுக்கு இங்கே லிஃப்ட் இருக்கு. ட்ராம்பெ என்று பேர். 1993-ல் வந்தது, 2013-ல் புதுப்பிச்சாங்க. ரோட்டோரம் ஒரு தண்டவாளம், அதுக்கடியில் ஓடும் கேபிள். இடது கால் பெடலில், வலது கால் தகட்டில். தகடு பின்னாலிருந்து தள்ளிக்கிட்டே 130 மீட்டர் ஏத்தி விடுது. பனிச்சறுக்கு லிஃப்ட்டைப் பார்த்து வந்த ஐடியா. பார்க்க ஈஸி. நான் இரவல் சைக்கிளில் ஏறி, பத்தாவது மீட்டரில் சைக்கிளோட சாய்ஞ்சேன். பின்னால் வந்த பாட்டி, ஒரு கையில் காய்கறிப் பையோட ஜம்முனு மேலே போனாங்க.

உச்சியில் வெள்ளைக் கோட்டை, கிறிஸ்டியான்ஸ்டென். இதுவும் அந்தத் தீ விபத்துக்கு அப்புறம் கட்டினதுதான். 1718-ல் ஸ்வீடன் படையைத் தடுத்து நிறுத்திச்சு. ரெண்டாம் உலகப் போரில் நாஜிகள் இங்கேதான் நார்வே எதிர்ப்புப் போராளிகளைச் சுட்டுக் கொன்னாங்க. அதே புல்வெளியில் இன்னிக்குப் பசங்க பந்து விளையாடுறாங்க.

இங்கிருந்து மொத்த ஊரும் தெரியும். தூரத்தில் ஒரு மேட்டில் அரண்மனை மாதிரி நிற்பது, 1910-ல் தொடங்கின தொழில்நுட்பக் கல்லூரி. இன்னிக்கு அது என்.டி.என்.யூ பல்கலைக்கழகம். அரியர் வெச்சிருக்கும் நண்பர்களே, கேளுங்க. ஈவார் யேவர்னு ஒருத்தர் அங்கே மெக்கானிக்கல் படிச்சார். மேத்ஸ், பிசிக்ஸ் ரெண்டிலும் நாலு பாயின்ட். நார்வேயில் நாலுன்னா ஜஸ்ட் பாஸ். அமெரிக்காவில் வேலை கேட்டுப் போனப்போ, அந்த ஊர்க் கணக்கில் நாலுதான் டாப்புனு நினைச்சு அவரைப் பாராட்டினாங்களாம். அவரே சிரிச்சுக்கிட்டு சொன்ன கதை. 1973-ல் பிசிக்ஸுக்கு நோபல் வாங்கினார், 2025-ல் காலமானார்.

ராத்திரி பத்தரைக்கு அதே பக்லான்டெ வழியா இறங்கினேன். வெளிச்சம் நம்ம ஊர் சாயங்காலம் ஆறு மணி மாதிரி. வாசலில் தொட்டிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்த ஒரு அம்மா, "என்ன படிக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. சிவில்னு சொன்னேன். "ரோடு போடுவீங்களா?"ன்னு சிரிச்சாங்க. படிக்கிற காலத்தில் வாடகைக்கு வந்தவங்களாம். "ரெண்டே வருஷம்தான், அப்புறம் இடிச்சிடுவாங்கன்னு சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாங்க." அப்புறம் தண்ணி ஊத்தப் போயிட்டாங்க.

பாலத்தில் நின்னு லேப்மேட்டுக்கு மெசேஜ் தட்டினேன். 'மச்சி, நாம கோடு போட்டோமே, அந்த ஷீட்ல இருந்த ஊர் பேர் என்னடா?' நம்ம ஊரில் அப்போ ராத்திரி ரெண்டு மணி. பய முழிச்சிருந்தான்.

'பேரா? பேரெல்லாம் எவன்டா பார்த்தான்?'