பாட்டியின் நிரை

சென்ற பருவத்தில் எங்களுக்கு ஓர் இடுபணி கிடைத்தது. மலேசியாவின் விவசாய நிலப்பரப்பு காலப்போக்கில் எவ்வாறு மாறியுள்ளது என்பதை அட்டவணையிட்டு விளக்க வேண்டும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நான், மடிக்கணினியைத் திறந்து எண்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். பக்கத்தில் பாட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா எழுதுற?”

“நம்ம நாட்டுல விவசாய நிலம் கூடியிருக்கா, கொறஞ்சிருக்கான்னு எழுதணும் பாட்டி.”

“இதுல என்ன எழுத இருக்கு? கொறஞ்சுதான் போச்சு. நான் பால் வெட்டுன எடத்துல இப்ப தாமான் வீடுங்கதானே நிக்குது!”

அட்டவணையோ வேறு கதை சொன்னது. 1960இல் ஏறத்தாழ 54,000 ஹெக்டேராக இருந்த செம்பனை, இன்று 50 இலட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 20 இலட்சம் ஹெக்டேராக இருந்த ரப்பர், கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. பகாங், ஜொகூர், பிறகு சபா, சரவாக் எனக் காடுகள் அழிந்து செம்பனை பரவியது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பயிர் நிலம் பெருகித்தான் இருக்கிறது.

“நீங்க சொல்றது தப்பு பாட்டி. நிலம் கூடியிருக்கு” என்றேன், படித்த மிடுக்கோடு.

பாட்டி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “யாருக்குக் கூடியிருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஒரு ஹெக்டேர் ரப்பர், செம்பனையாக மாறினால் நாட்டின் விவசாய நிலக் கணக்கில் ஒன்றும் குறைவதில்லை. ஆனால், பால்மரத்தை மரம் மரமாக ஒருவர் சீவ வேண்டும். செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம். நிலம் அப்படியே இருக்க, லயங்கள் மட்டும் காலியாயின. நகருக்கு அருகிலிருந்த தோட்டங்களோ நிலமாகக்கூட மிஞ்சவில்லை. 1921இல் உருவான பெராங் பெசார் தோட்டத்தில்தான் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் வேறிடம் பெயர்ந்தன. அங்கு உருவாக்கப்பட்ட ரப்பர் மர இனங்கள் மட்டும் இன்றும் அத்தோட்டத்தின் முதலெழுத்துகளைச் சுமந்து ‘பிபி’ என்றே அழைக்கப்படுகின்றன.

பாட்டியின் தோட்டமும் முதலில் செம்பனைக்கு மாறியது. பின்னர் வீடமைப்புக்கு விலை போனது. இருள் பிரியுமுன் பிரட்டுக்கு நின்று, தன் நிரையில் ஐந்நூறு மரங்களுக்கு மேல் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தவர் அவர். முப்பது ஆண்டுகள் அந்த மண்ணை மிதித்தவருக்கு அதில் ஒரு சாண்கூடச் சொந்தமில்லை.

அன்று மாலை, பாட்டி அலமாரியிலிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ். தாத்தா பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்த்தது. தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய வரலாற்றைப் பாடநூலில் படித்திருக்கிறேன். அந்த வரலாறு எங்கள் வீட்டு அலமாரியில், சேலை மடிப்புக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

“தாத்தா பேருல நிலம்னு இருந்தது இது ஒண்ணுதான்” என்றார் பாட்டி.

இடுபணியின் எண்களை நான் மாற்றவில்லை, அவை சரியானவையே. அடியில் ஒரு பத்தி மட்டும் சேர்த்தேன்: நிலம் பெருகிய அதே காலத்தில், அந்நிலத்தில் உழைத்தவர்கள் அங்கிருந்து எப்படி வெளியேறினார்கள் என்று.

நண்பர்களே, நம்மில் பலரின் வேர் ஏதோ ஒரு தோட்டத்தில் இருக்கிறது. அந்தத் தோட்டத்தின் பெயரென்ன, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். எந்த அட்டவணையும் நமக்காக அதை எழுதி வைக்கப் போவதில்லை.