டினோவின் அம்மா

இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாற்றைப் படிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வாங்கும் ஆசையெல்லாம் கிடையாது. அந்தக் கோடுகளைப் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் படிக்கப் படிக்க ஏதோ பெரிய குடும்பத்தின் வம்சாவளியைப் புரட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. யார் யாருக்குச் சீடர், யார் கோபித்துக்கொண்டு வெளியேறி எதிராளியிடம் சேர்ந்தார், எந்தக் காரின் சாயல் எந்தக் காரில் இறங்கியிருக்கிறது என்று பக்கம் பக்கமாக ஓடும். தாத்தா, அப்பா, மகன் என்று கிளைவிடும் அந்த மரத்தில் பெண்கள் இரண்டு இடங்களில் வருகிறார்கள். ஒன்று, காரின் உடலாக. இன்னொன்று, குடும்பத்தில் குழப்பம் உண்டாக்கியவளாக.

முதலில் அந்தச் சாயல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து இத்தாலியில் எஞ்ஜினும் சேஸிஸும் செய்வது ஒரு நிறுவனம். அதன்மேல் பாடி கட்டுவது வேறொரு பட்டறை. டூரினில் பினின்ஃபரீனா, பெர்த்தோனே, கியா, மிலானில் டூரிங். மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தும் முறை டூரிங் பட்டறையுடையது. சூப்பர்லெஜெரா, அதாவது மிக இலகுவானது, என்று அதற்குப் பெயர். ஆல்ஃபா ரோமியோ அந்த முறையில் தைத்த உடையை அணிந்தது. 1948இன் ஃபெராரி 166உம் அணிந்தது. மசெராட்டி 3500 ஜிடியும், லம்போர்கினியின் முதல் விற்பனைக் காரான 350 ஜிடியும் அணிந்தன. ஒன்றையொன்று முந்தத் துடித்தவை எல்லாம் ஒரே தையல்காரரிடம் அளவு கொடுத்தவை. பகையாளிகள் ஒரே முகஜாடையோடு இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தப் பங்காளி உறவை டினோ என்ற பெயரைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. என்ஸோ ஃபெராரியின் மகன் ஆல்ஃபிரடோ, செல்லமாக டினோ, தசைச்சிதைவு நோயால் 1956இல் இறந்தபோது அவனுக்கு 24 வயது. அவன் படுக்கையில் இருந்த நாட்களில் பேசிப் பேசி உருவான வி6 எஞ்ஜினுக்கு அவன் பெயரே வைக்கப்பட்டது. அதை முடித்துக் கொடுத்த விட்டோரியோ யானோ அதற்குமுன் ஆல்ஃபா ரோமியோவிலும் லான்சியாவிலும் வேலை பார்த்தவர். ஆக, பிறக்கும்போதே அது மூன்று வீட்டுப் பிள்ளை. 1967 முதல் ஃபார்முலா 2 பந்தயத்துக்கு, ஓராண்டுக்குள் குறைந்தது 500 கார்களில் பொருத்தப்பட்ட எஞ்ஜினிலிருந்து வந்த எஞ்ஜின்தான் வேண்டும் என்று விதி வந்தது. ஃபெராரியால் அத்தனை கார் செய்ய இயலாது. ஃபியட் செய்துகொடுத்தது. அப்படி வந்ததுதான் ஃபியட் டினோ. அதன் திறந்த வகைக்கு பினின்ஃபரீனா பாடி கட்டினார்கள், மூடிய வகைக்கு பெர்த்தோனே கட்டினார்கள். பிறகு ஃபெராரியின் சொந்த டினோ 206 வந்தது. அது பினின்ஃபரீனாவின் வேலை. அதன் பின்வாரிசான 246இன் எஞ்ஜின், பெர்த்தோனேயில் மார்செல்லோ கந்தீனி வரைந்த லான்சியா ஸ்ட்ராட்டோஸுக்குள் போய் உட்கார்ந்தது. ஆப்பு மாதிரி குட்டையான கார் அது. காட்டுப்பாதைப் பந்தயங்களில் உலகப் பட்டங்களை வென்றது. மூன்று நிறுவனங்கள், இரண்டு பட்டறைகள், இறந்துபோன ஒரு பையனின் பெயர்.

இதைச் சொல்லும் எல்லோரும் தகப்பனின் துக்கத்தைப் பற்றி உருகி எழுதுகிறார்கள். உருக வேண்டியதுதான். ஆனால் டினோவுக்கு ஓர் அம்மா இருந்தார். லாரா. அதே மகனைப் பறிகொடுத்தவர். அவர் துக்கம் எந்த எஞ்ஜினுக்கும் பெயராகவில்லை. இந்த வரலாற்றில் அவர் நுழைவது 1961இல்தான். அந்த ஆண்டின் கடைசியில் ஃபெராரியின் முக்கியமான பொறியாளர்களும் மேலாளர்களும் ஒரே சமயத்தில் வெளியேறினார்கள். நிறுவன விஷயங்களில் லாரா தலையிடுவதைப் பொறுக்க முடியாது என்று அவர்கள் எழுதிக்கொடுத்த கடிதம்தான் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. புத்தகத்துக்குப் புத்தகம் அதே சொல்: தலையீடு. கணவர் எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தார், ஆட்களை ஒருவருக்கொருவர் மோதவிட்டார், பந்தய ஓட்டுநர்களை வாட்டினார். அதற்கு அதே புத்தகங்கள் கொடுக்கும் பெயர் ஆளுமை.

வெளியேறியவர்களில் ஒருவர் ஜோட்டோ பிட்ஸாரினி. அதற்கடுத்து அவர் லம்போர்கினிக்காக ஒரு வி12 எஞ்ஜின் வரைந்தார். அது 350 ஜிடியில் ஓடியது. பிறகு மியூராவில் குறுக்காகப் படுக்க வைக்கப்பட்டது. கவுன்டாச்சிலும் அதன் வம்சம் தொடர்ந்தது. டிராக்டர் முதலாளி லம்போர்கினிக்கும் ஃபெராரிக்கும் கிளட்ச் விஷயமாக நடந்த வாய்ச்சண்டையில்தான் எல்லாம் தொடங்கியது என்ற கதை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. இரண்டு ஆண்களின் ரோஷம் என்றால் அது காவியம். மனைவியின் பெயர் வந்தால் அது வீட்டுச் சண்டை.

இன்னொரு பெண்ணும் இருக்கிறார். லீனா லார்டி. அவருக்கும் என்ஸோவுக்கும் 1945இல் பியரோ பிறந்தான். இத்தாலியில் 1970 வரை விவாகரத்து கிடையாது. 1975இல் குடும்பச் சட்டம் திருத்தப்படும்வரை, மணமான ஆண் வேறொரு பெண்ணிடம் பெற்ற பிள்ளையை மனைவி உயிரோடிருக்கையில் தன் பிள்ளை என்று பதிய முடியாது. பியரோ அம்மாவின் பெயரோடு வளர்ந்து, ஃபெராரி என்ற பெயரை லாரா 1978இல் இறந்த பிறகே பெற்றார். ஃபெராரி சின்னம் இல்லாமல் விற்ற டினோ கார்களைச் சேகரிப்பவர்கள் இன்று அவற்றையும் உண்மையான ஃபெராரி என்றே எண்ணுகிறார்கள். காருக்குக் கிடைத்த சலுகை எத்தனையோ ஆண்டுகள் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

இனி உடல் விஷயம். பந்தயக் கார் பழைய கிரேக்கச் சிலையைவிட அழகானது என்று மரினெட்டி 1909இல் எழுதிய ஃபியூச்சரிஸ்ட் அறிக்கையை வடிவமைப்பு மாணவர்கள் அறிவார்கள். பெண்ணை இகழ்வதும் பெண்ணியத்தை எதிர்ப்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கின்றன. அந்த வரிகள் சொற்பொழிவுகளில் அவ்வளவாக வருவதில்லை. ஆட்டோமொபைல் என்ற சொல் ஆண்பாலா பெண்பாலா என்ற தகராறும் இத்தாலியில் நடந்தது. 1920களில் கவிஞர் தனுன்ஸியோ ஃபியட் முதலாளி அன்யெல்லிக்கு எழுதி அதைத் தீர்த்துவைத்தார். பெண்பால்தான் என்றார். மயக்குபவளின் நளினம் அதற்கு உண்டாம். கூடவே, பெண்களிடம் இல்லாத ஒரு நற்குணமும் உண்டாம்: முழுமையான கீழ்ப்படிதல். இத்தாலியில் கார் இன்றும் பெண்பால்தான். தானும் பினின் ஃபரீனாவும் கைகோத்ததை என்ஸோ சொன்னதும் இதே பாணியில்தான்: ஒரு பக்கம் உடுத்திப் பார்க்க வேண்டிய பேரழகி, மறுபக்கம் பெயர்பெற்ற தையல்காரர்.

கவுன்டாச் என்பது அழகான பெண்ணைப் பார்த்ததும் பியமோன்ட் ஆண்கள் வாயிலிருந்து வரும் சொல் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். காரை வரைந்த கந்தீனி பிற்பாடு சொன்னது வேறு. பட்டறையில் ஒரு தொழிலாளி அடிக்கடி வியப்புக்குச் சொன்ன வட்டார வார்த்தை அது. பெண்ணுக்கு அதில் வேலையே இல்லை. வேலையில்லாத இடத்துக்கும் ஒரு பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

மியூராவின் முன்விளக்குகளைச் சுற்றி இருக்கும் கறுப்புப் பட்டைகளுக்குக் கண்ணிமை முடி என்று பெயர். அந்தப் பெயரோடுதான் நானும் பார்க்கப் பழகினேன். பிறகு அந்த விளக்குகள் ஃபியட் 850 ஸ்பைடர் என்ற சின்னக் காரிலிருந்து எடுக்கப்பட்டவை என்று படித்தேன். அணைந்திருக்கும்போது பானெட்டின் சரிவோடு மல்லாந்து படுத்திருக்கும், எரியும்போது நிமிரும். விளக்கு வாங்கிய விலை குறைவு, அதைச் சுற்றி நிரப்ப வேண்டிய இடம் அதிகம். அந்த இடத்தை இப்படிக் கோடுபோட்டு நிரப்பியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டபின் அந்தக் கார் எனக்கு இன்னும் அழகாகிவிட்டது. யாருடைய கண்ணும் அங்கே எனக்குத் தேவைப்படவில்லை.

அதை வரைந்தது யார் என்ற சர்ச்சை அரை நூற்றாண்டாக நடக்கிறது. பெர்த்தோனேயிலிருந்து 1965இல் விலகிய ஜுஜாரோவா, அவர் இடத்துக்கு வந்த கந்தீனியா? இருவரும் 1938 ஆகஸ்டில் பிறந்தவர்கள். கந்தீனி 2024இல் இறந்த பிறகும் விவாதம் முடியவில்லை. யாருடைய கை என்று இத்தனை அக்கறையாகத் தேடுவது நல்ல பழக்கம்தான். அதே அக்கறை கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்பியிருந்தால், 1958இல் மசெராட்டி 250எஃப் ஓட்டி ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் பெண்ணான மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸின் பெயரும் அந்தப் புத்தகங்களில் அடிக்கடி வந்திருக்கும். அவர் நேப்பிள்ஸ்காரர், உன்னால் வேகமாக ஓட்ட முடியாது என்று அண்ணன்மார் பந்தயம் கட்டியதில் ஓட்டத் தொடங்கியவர். அந்த ஆண்டு பெல்ஜியத்தில் பத்தாவதாக வந்தார்.

மரனெல்லோவில் ஃபெராரி அருங்காட்சியகம் இருக்கும் தெருவுக்கு ஆல்ஃபிரடோ டினோ ஃபெராரி தெரு என்று பெயர். டினோ கார்களின் மூக்கில் அந்தப் பெயர் கையெழுத்துப்போல் சாய்ந்த எழுத்தில் இருக்கும். மகனின் கையெழுத்தைப் பார்த்துச் செய்தது என்பார்கள். நான் அந்தக் காரின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், லாரா அதைத் தெருவில் எதிரே வரக் கண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.