பக்கத்துலதான்

என் மனைவிக்கு முழங்கால் வலி இருந்தது எனக்குத் தெரியும். கொல்கத்தாவிலிருந்து திரும்பிய பிறகு மகள் வந்து, "அம்மா ஏம்ப்பா இப்படித் தாங்கித் தாங்கி நடக்குறாங்க?" என்று கேட்டாள். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றேன். மனைவி சொல்லவில்லை என்பது சத்தியமான உண்மை. அதனால் எனக்குத் தெரியாது என்று மகள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்கட்டும் என்றுதான் அந்த வார்த்தைகளைச் சொன்னேன். வேலைக்காலம் முழுக்கத் தணிக்கைத் துறையில் இருந்தவன் நான். பொய் சொல்லாமலே மறைக்கிற வித்தையை எத்தனையோ ஊர்க் கணக்குப் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் ஒட்டிக்கொள்ளாமலா போகும்?

கொல்கத்தாவில் அன்று காலையிலேயே தெரிந்துவிட்டது. ஹவுரா பாலத்தின் கீழே மல்லிக் காட் பூச்சந்தை. விடிகிற நேரத்துக்கு அங்கே போய்விட வேண்டும் என்பது என் திட்டம். பாலத்திலிருந்து சந்தைக்குப் படியிறங்க வேண்டும். நான் முன்னால் இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, இடது காலை முதலில் வைத்து, அப்புறம் வலது காலை அதே படியில் கொண்டுவந்து சேர்த்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். என் அம்மா கடைசிக் காலத்தில் அப்படித்தான் இறங்குவாள். பார்த்த உடனே புரிந்தது. புரிந்ததும் நான் செய்த காரியம், முகத்தைத் திருப்பிக்கொண்டு செவ்வந்தி மாலைக் குவியலைப் படம் எடுத்தது.

ஏன் கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். "வலிக்குதா?" என்று கேட்டால் "ஆமா" என்பாள். "ஆமா" என்றால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பேலூர் மடம் போச்சு. முற்பகல் பதினொன்றரைக்கு நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்கச் சாயங்காலம் ஆகும். பேலூர் தவறினால் அதன் பின்னால் இருக்கிற எல்லாமே ஒன்றன்மேல் ஒன்று சரியும். இவ்வளவும் அந்தச் செவ்வந்தியைப் படம் எடுக்கிற நேரத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

மேலே ஏறிப் பாலத்தைக் கடந்தோம். 1943-இல் திறந்தது, நட்டு போல்ட்டு இல்லாமல் ரிவெட் அடித்தே நிறுத்தியது, 26,500 டன் எஃகு என்று வழி நெடுக அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரே தலைச்சுமைக்காரர்கள் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார்கள். நான் பேசிக்கொண்டே இருந்தால் அவள் பேச இடமிருக்காது என்பதும் ஒரு காரணம். பஸ் பிடித்து தட்சிணேசுவரம். ராணி ராஸ்மணி 1855-இல் கட்டிய காளி கோயில், கங்கைக் கரையில் வரிசையாகப் பன்னிரண்டு சிவன் சந்நிதி. அங்கிருந்து படகில் பேலூர். படகுத்துறையில் மறுபடி படி. "ஏங்க, இன்னும் எவ்வளவு தூரம்?" என்றாள். "பக்கத்துலதான்." அன்றைக்கு நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். மஞ்சள் டாக்ஸிக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

பேலூரிலிருந்து திரும்பி, ஹவுராவில் ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் ஏறினோம். 2024-இல் திறந்தது. 520 மீட்டர், முக்கால் நிமிடம். சுரங்கத்தில் நீல விளக்கு வந்தால் தலைக்கு மேல் கங்கை என்று அர்த்தம். எல்லோரும் கண்ணாடியில் கைபேசியை ஒட்டிவைத்துக் காத்திருந்தார்கள், நானும்தான். அவளுக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. கண்ணை மூடியிருந்தாள். "வந்துடுச்சு, பாரு பாரு" என்று தோளைத் தட்டி எழுப்பினேன்.

இந்தியன் மியூசியத்தில்தான் என் குட்டு உடைந்தது. 1814-இல் தொடங்கிய இடம், பெரிய தூண்கள், நடுவில் புல்வெளி. உள்ளே பார்ஹுத் ஸ்தூபியின் சிவப்புக் கல் வேலியின் ஒரு பகுதியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. பல சிற்பங்களுக்கு என்ன கதை என்று பிராமி எழுத்தில் பக்கத்திலேயே வெட்டியிருக்கும். அவள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, "இது என்ன கதைங்க?" என்று கேட்டாள். எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகுதான் கவனித்தேன்: கேட்டுவிட்டு இடது காலைத் தரையில் ஊன்றாமல் விரல் நுனியில் வைத்து நிற்கிறாள். கதை எவ்வளவு நீளமோ அவ்வளவு ஓய்வு. நான் கதைகளைச் சுருக்கத் தொடங்கினேன். இதை எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனால் அதைத்தான் செய்தேன்.

ஒரு வட்டச் சிற்பத்தின் முன் வந்தோம். புத்தருக்கு ஜேதவனத்தை வாங்கிக் கொடுக்க விரும்பிய அநாதபிண்டிகன், தோட்டத்துத் தரை முழுவதும் காசைப் பரப்பி விலை கொடுத்த கதை. ஆட்கள் குனிந்து சதுரக் காசுகளைத் தரையில் அடுக்குகிறார்கள். முன்னால் காசு கொண்டுவந்த வண்டி, நுகத்தடி வானத்தைப் பார்த்து நிற்கிறது. பக்கத்தில் மாடுகள் படுத்திருக்கின்றன. அவள் காசைப் பார்க்கவில்லை.

"மாட்டை அவுத்து விட்டுட்டாங்க பாருங்க" என்றாள்.

குரலில் குத்தல் இல்லை. எங்கள் வீட்டில் மாடு இருந்த காலத்தை நினைத்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் சுருக்கென்றது. அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது: "நீ இங்கேயே இரு, நான் மட்டும் போய் எகிப்து மம்மியைப் பார்த்துட்டு வந்துடறேன்." வலி இருப்பது தெரியாதவன் இப்படிச் சொல்வானா? கூடவே கூட்டிக்கொண்டு போயிருப்பான். தணிக்கையில் இப்படி ஒரு வரி அகப்பட்டால் போதும், ஆளை உட்காரவைத்து விசாரிப்போம்.

விக்டோரியா மெமோரியல் வரைக்கும் மைதானத்தின் ஓரமாக நடத்தியே கூட்டிப்போனேன். மெட்ரோவில் போயிருக்கலாம். "மைதானத்தைப் பார்க்காம கொல்கத்தா பார்த்ததா ஆகுமா?" என்றேன். மக்ரானா சலவைக்கல் கட்டடம் வெயில் சாய்ந்த நேரத்தில் நன்றாகத்தான் இருந்தது. உச்சியில் இருக்கும் தேவதைச் சிலை காற்றுக்குத் திரும்பும் என்பார்கள். நாங்கள் இருந்தவரை திரும்பவில்லை. அந்தக் கட்டடத்தைப் பற்றி எனக்கு வேறு ஞாபகம் இல்லை. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இருட்டியபின் காலேஜ் தெரு. பழைய ஆல்பர்ட் ஹாலில் இருக்கிற காபி ஹவுஸைப் பார்க்காமல் திரும்புவதா? சத்யஜித் ராய் வந்து உட்கார்ந்த இடம் என்று ரயிலிலேயே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். அது மாடியில். படிக்கட்டின் கீழ் நின்று அவள் மேலே பார்த்தாள். "நீங்க போயிட்டு வாங்க. நான் புஸ்தகம் பார்த்துட்டு இருக்கேன்." அவளுக்கு வங்காளி எழுத்து ஒன்றும் தெரியாது.

நான் போனேன். தலைப்பாகை கட்டிய பரிசாரகர் வந்தார், காபி சொன்னேன், குடித்தேன். எதிர் நாற்காலி காலியாக இருந்ததால் படம் நன்றாக விழுந்தது.

இறங்கி வந்தபோது அவள் ஒரு புத்தகக் கடையின் முன் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் மண்குவளையில் டீ. கடைக்காரர் என்னைப் பார்த்து வங்காளியில் ஏதோ சொன்னார். 'மாஷிமா', அதாவது சித்தி, என்ற வார்த்தை மட்டும் பிடிபட்டது. அப்புறம் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். காலையிலிருந்து நான் கேட்காததை, பாஷை தெரியாத ஒருவர் காபி ஆறுவதற்குள் கேட்டு முடித்திருந்தார். எனக்கு வெட்கம் வந்தது என்று எழுத ஆசை. வந்தது எரிச்சல்தான். டீக்குக் காசு கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார். அதற்கும் எரிச்சல்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். காரணம்தான், மன்னிப்பு இல்லை. வேலையில் இருந்தபோது விடுமுறைப் பயணச் சலுகை கிடைக்கும். பெரும்பாலும் விட்டுவிட்டேன். மகள் படிப்பு, வீட்டுக் கடன், மார்ச் மாதக் கெடுபிடி. ஓய்வு பெற்றதும் சேர்த்துவைத்துப் பார்ப்போம் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். முழங்கால் நன்றாக இருந்த வருஷங்களில் அவள் சமையலறைக்கும் மொட்டை மாடிக்கும் நடந்தாள். இப்போது அவள் முழங்காலை ஒப்புக்கொண்டால் அந்த வருஷங்களையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர் பார்க்கிற அவசரத்தைவிட இந்தப் பயம்தான் பெரிது என்று நினைக்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகு பார்த்த மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்றார். படி ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொல்லி, தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறாள். நான் எண்ணிச் சொல்கிறேன்.

அடுத்தது ஹைதராபாத். நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டேன். கோல்கொண்டா கோட்டையில் உச்சி வரை 300-க்கு மேல் படிகள். நுழைவாயில் மண்டபத்தில் நின்று கை தட்டினால் உச்சியில் கேட்குமாம். மேலே நின்று கேட்க ஒருவர் வேண்டும், கீழே நின்று தட்ட ஒருவர் வேண்டும். யார் எங்கே என்பதை முடிவு செய்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.