குக்கருக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

அடுப்பில் குக்கர் 'உஸ்'ஸென்று கொதித்துக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறக்க எந்தப் பெண்ணாவது கை நீட்டுவாளா? மாட்டாள். அது நமக்குப் பழகிப்போன பாடம். ஆனால் காரின் முன்னால் புகை கிளம்பினால் மட்டும், 'இது ஆண்கள் சமாசாரம்' என்று ஒதுங்கி நின்றுவிடுகிறோம். உண்மையில் இரண்டும் ஒன்றேதான், சகோதரிகளே! சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், குக்கருக்குள் இருக்கும் அழுத்தத்தால் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகிறது. காரின் ரேடியேட்டர் மூடியும் கிட்டத்தட்ட அதே அளவு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. சூட்டோடு திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் வண்டி பதினைந்து வயது தாண்டியது. என் மாமியாரையும் ஆறு வயது மகனையும் ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டிப் போனேன். பாதி மலை ஏறியிருப்போம். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் 'ஙொய்ங்' என்று ஒரு முனகல். அடுத்த வளைவில் ஸ்டியரிங், மாவோடு ஆட்டுக்கல் குழவியைச் சுற்றுகிற மாதிரி கனத்துப் போயிற்று. பாட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. கொஞ்ச நேரத்தில் உஷ்ண முள்ளும் மேலே ஏற ஆரம்பித்துவிட்டது.

ஏ.சி.யை நிறுத்தினேன். ஹீட்டரை முழுசாகத் திருகி, ஜன்னல்களை இறக்கினேன். "என்ன கண்ணு, வேகிற வெயில்ல அனலைத் திறந்து விடறே?" என்றார் அத்தை. எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை ஹீட்டர் வெளியே இழுத்துவிடும் என்பதால்தான் அப்படிச் செய்தேன். சாலை அகலமான இடம் வந்ததும் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டேன். சக்கரத்துக்குப் பின்னால் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, அத்தையையும் பையனையும் வண்டியை விட்டுத் தள்ளி நிழலில் உட்கார வைத்தேன். தடுப்புச் சுவர் மேல் குரங்குகள் வேடிக்கை பார்த்தன.

பின்னால் வந்த காரிலிருந்து ஒருவர் இறங்கி ஓடி வந்தார். நல்ல மனசுதான். கையில் தண்ணீர் பாட்டில், துண்டு. "மூடியைத் திறந்து தண்ணி ஊத்திட்டா கிளம்பிடலாம்மா."

"வேண்டாம்ண்ணா. ஆறட்டும்."

"ஒண்ணும் ஆகாதும்மா, நான் எத்தனை வண்டி பார்த்திருக்கேன்!" என்று அவர் பானட்டை நோக்கிப் போனார். என் குரல் எடுபடவில்லை. அப்போது அத்தை எழுந்து வந்து, புடவைத் தலைப்பை ஒதுக்கி முழங்கையைக் காட்டினார். "தம்பி, நாற்பது வருஷத்துக்கு முன்னால குக்கரை அவசரப்பட்டுத் திறந்த கை இது. பார்த்துக்கோ." தழும்பு முழங்கை வரை ஓடியது. அந்த மனிதர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் போய், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பானட்டைத் திறந்து பார்த்தால், கூலண்ட் தொட்டியில் அளவு சரியாகவே இருக்கிறது! குறைந்திருந்தது பவர் ஸ்டியரிங் எண்ணெய். அதன் ரப்பர் குழாய் வெடித்து, சிவப்பு எண்ணெய் பெல்ட்டின் மேல் சொட்டியிருந்தது. எங்கள் வண்டியில் ஸ்டியரிங் பம்பு, தண்ணீர் பம்பு, பாட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மூன்றையும் சுற்றுவது ஒரே பெல்ட். எண்ணெயில் நனைந்த பெல்ட் வழுக்க, மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. குழாய் ஒழுகியதற்கு எஞ்சின் கொதித்தது இப்படித்தான்.

அதற்கு மேல் ஓட்டவில்லை. வண்டியைக் கட்டி இழுத்து வரச் செய்தோம். "பெல்ட்டை மாத்திடறேன்க்கா, போதும்" என்றார் மெக்கானிக். "குழாய் ஒழுகினா புது பெல்ட்டும் நனையுமே, தம்பி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே குழாயையும் சேர்த்து மாற்றினார்.

வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். இரவு வண்டிக்கடியில் பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் வெறும் தண்ணீர் இருந்தால் அது ஏ.சி. நீர், கவலை வேண்டாம். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தண்ணீர் போல இருந்து தித்திப்பாக மணந்தால் கூலண்ட். சிவப்பாகவோ தேன் நிறமாகவோ பிசுக்கென்று இருந்தால் ஸ்டியரிங் எண்ணெயாக இருக்கலாம். கறுப்பென்றால் எஞ்சின் ஆயில். புது வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங் மின்சார மோட்டாரால் இயங்குவதால் அந்த எண்ணெயே கிடையாது. உங்கள் வண்டி எந்த ரகம் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள்.

எண்ணெய் தீர்ந்தாலும் ஸ்டியரிங் அடியோடு நின்றுவிடாது, கனக்கும், அவ்வளவுதான். பதறாமல் இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். ஆனால் அப்படியே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பம்பு கெடும்; சூடான புகைக்குழாய் மேல் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். கொதிக்கிற எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டவும் கூடாது. இரும்பு விரிசல் விடும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். கொஞ்சம் உள்ளே போனாலும் குழந்தைக்கு ஆபத்து. மிச்சத்தை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வாசலில் சொட்டியிருந்தால், குழந்தை தவழ்ந்து வருவதற்குள் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.