பிரெஞ்சில் 'இல்லை' சொல்வது எப்படி?

பிளஸ் ஒன்னிலும் கல்லூரியிலும் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுப்பவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். மார்க் நன்றாக வரும் என்பதுதான் முக்கால்வாசிப் பேருக்குக் காரணம் (மறுப்பவர்கள் மறுக்கலாம்!). ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கிப் படிக்க வரும் ஒரு பெண்ணும் அப்படி எடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். வணக்கம் சொல்வது, பேர் சொல்வது எல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். 'இல்லை' சொல்வதில்தான் சிக்கல் ஆரம்பிக்கும்.

தமிழில் மறுப்பு வினையின் வாலில் இருக்கிறது. "ஊருக்குப் போக..." என்பது வரைக்கும் கேட்டாலும் போனாளா, போகவில்லையா என்று தெரியாது. பிரெஞ்சில் வினைக்கு முன்னால் 'ந', பின்னால் 'பா'. நடுவில் வினை மாட்டிக்கொள்ளும். 'ஜ வே' என்றால் போகிறேன். 'ஜ ந வே பா' என்றால் போகவில்லை. வினை உயிரெழுத்தில் தொடங்கினால் 'ந' அதோடு ஒட்டிக்கொள்ளும். இறந்தகாலத்தில்தான் எல்லாரும் தப்பு விடுவார்கள். 'ஜே மான்ஜே', சாப்பிட்டேன். 'ஜ நே பா மான்ஜே', சாப்பிடவில்லை. 'பா' துணைவினையோடு நின்றுவிடுகிறது. சாப்பாடு வெளியே நிற்கிறது.

ஒரு 'இல்லை'க்கு ஏன் ரெண்டு சொல்? ஒரு காலத்தில் 'ந' மட்டுமே போதுமாக இருந்தது. 'பா' என்றால் காலடி. "ஓர் அடிகூட நடக்கவில்லை" என்று நாம் அழுத்திச் சொல்வதில்லையா, அதே கதைதான். குடிக்காததற்குத் 'துளி', தின்னாததற்கு 'ரொட்டித் துணுக்கு' என்றெல்லாம் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் காலடி ஜெயித்து, நடைக்குச் சம்பந்தமே இல்லாத வினைகளோடும் ஒட்டிக்கொண்டது.

இப்போது பேச்சில் 'ந' தேய்ந்துவிட்டது. 'ஜ ந சே பா' (எனக்குத் தெரியாது) என்று புத்தகம் சொல்லும். தெருவில் 'ஜ சே பா', இன்னும் அவசரமாக 'ஷே பா'. பலமிழந்த மறுப்புச் சொல்லுக்குத் துணையாக வந்த சொல்லே கடைசியில் மறுப்பாகிவிடுவதைப் பற்றி டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917-லேயே எழுதியிருக்கிறார். 'வரவில்லை'யை 'வரல' ஆக்கி, முழு 'இல்லை'யையும் ஒரு 'ல'வில் அடக்கிய நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் வேண்டியதில்லை. ஆனால் 'ந' வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவருக்கு மறுப்பே கேட்காது. 'பா'வைத்தான் பிடிக்க வேண்டும்.

அதிலும் ஒரு வில்லங்கம். 'இனி வேண்டாம்' என்பதற்கு 'பா'வுக்குப் பதில் 'ப்ளு' வரும். 'இன்னும் வேண்டும்' என்பதற்கும் எழுத்தில் அதே சொல்தான். உச்சரிப்பு மட்டும் 'ப்ளுஸ்'. பேச்சில் 'ந' விழுந்தபின், விருந்து வீட்டில் வயிறு நிறைந்து 'ஜான் வெ ப்ளுஸ்' என்று சொல்லிவிட்டால் தட்டு மறுபடி நிறைந்துவிடும்! புதுச்சேரியில் 1889 முதல் இருக்கும் அல்லியான்ஸ் பிரான்சேஸ் மாதிரி இடத்தில் நாலு பேர் பேசுவதைக் கேட்டால்தான் இது காதில் ஏறும்.

இதையெல்லாம் தாண்டி வந்தாலும், தமிழ் பேசுபவரைத் தனியாக மாட்டவைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. "நாளைக்கு நீ வரலையா?" என்று கேட்டால் நம் பெண் "ஆமா, வரல" என்பாள். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிற 'ஆமா' அது. அதையே பிரெஞ்சுக்கு மாற்றி 'உய்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்டவர் குழம்புவார், அல்லது வருகிறாள் என்று நினைத்துக் காத்திருப்பார். அங்கே பதில் கேள்வியைப் பார்ப்பதில்லை, காரியத்தைப் பார்க்கிறது. வரவில்லையென்றால் 'நோன்'. "இல்லையில்லை, வருகிறேன்" என்று மறுத்துச் சொல்ல 'சி' என்று தனியாகவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.