கொதிக்கும் வண்டியும் திண்டுக்கல் தண்ணீரும்

பழைய மோட்டார் வண்டியின் உஷ்ணத் தொல்லையைத் தீர்க்க முற்படுகிறவன், கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வண்டிக்காரரை உட்கார வைத்து, வண்டி எந்தச் சாலையில், எந்த வேகத்தில், புறப்பட்ட எத்தனை நேரத்தில் கொதிக்கிறது என்று நிதானமாகக் கேட்டறிய வேண்டும் என்பது, திண்டுக்கல்லில் பட்டறை வைத்துப் பிழைக்கிற நான் இத்தொழிலில் உறுதியாகக் கற்றுக்கொண்ட பாடம். சித்திரை வெயிலில் எங்களிடம் வருகிற அம்பாசடர் வண்டிகளில் பல, ரேடியேட்டர் மாற்றி, வாட்டர் பம்பு மாற்றி, பணமும் பொறுமையும் தீர்ந்த பிறகும் கொதிப்பு மாறாமல் வருகின்றன. காரணத்தை அறியுமுன்னே பாகத்தை மாற்றுகிற அவசரமே அவற்றின் முதல் தோஷம்.

எஞ்சினுக்குள் எரிகிற பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் சக்தியாகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேற, மீதமுள்ளதைத் தண்ணீர் சுமந்துசென்று காற்றிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. 1900-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் என்னும் நிபுணர், மெர்சிடிஸ் வண்டிக்காக 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூட்டு வடிவ ரேடியேட்டரை அமைத்தது இந்த ஒப்படைப்பைச் சீராக நடத்துவதற்காகத்தான். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை மூலமாகக் கொண்டு, வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரிலும், அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினைச் சுற்றி அமைந்த ஏற்பாடு மிக எளிமையானதே. ரேடியேட்டர், பம்பு, ஃபேன், பெல்ட், தெர்மோஸ்டாட், இரண்டு பெரிய ஹோஸ் குழாய்கள், ஒரு மூடி ஆகிய இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும்படியும் கைக்கு எட்டும்படியும் இருக்கின்றன. ஆகவே நிதானமாக விசாரிக்கிறவனிடம் இந்த எஞ்சின் எதையும் நெடுநேரம் மறைத்து வைப்பதில்லை.

விசாரணையின் முறை இதுதான். பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது உஷ்ணம் காட்டும் முள் ஏறி, மதுரைச் சாலையில் வேகம் எடுத்ததும் இறங்கினால், தண்ணீரின் மீது சந்தேகம் கொள்ளாமல் காற்றின் மீது கொள்ள வேண்டும். பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரேடியேட்டரின் முகத்தில் பூச்சியும் தூசியும் படிந்து காற்றுப்போக்கை மறித்திருக்கும். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் மட்டுமே தாழ வேண்டும். இதற்கு மாறாக, மெதுவாகச் செல்லும்போது சாந்தமாக இருந்து, நெடுஞ்சாலை ஓட்டத்தில் மட்டும் சுடுகிற வண்டியில் தண்ணீர் போதிய அளவில் ஓடவில்லை என்று கொள்ளலாம். ரேடியேட்டரின் குழாய்கள் அடைபட்டிருக்கலாம். அல்லது கீழ் ஹோஸ் முதுமையில் நைந்து, பம்பு இழுக்கிற இழுப்பில் உட்புறமாக ஒட்டிக்கொள்ளலாம். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு அந்த ஹோஸைக் கவனித்தாலே இது தெரிந்துவிடும். குளிர்ந்த எஞ்சின் புறப்பட்ட சில நிமிஷங்களிலேயே கொதித்தால், தண்ணீர் குறைந்திருக்க வேண்டும், அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்க வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் வாயில் ஓயாமல் குமிழிகள் எழுந்தாலோ, டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பாலேடு போலப் படிந்திருந்தாலோ, ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்ற முடிவுக்கு வந்துவிடலாம். இவற்றோடு, டைமிங் பின்தங்கிய எஞ்சினும், பிரேக் பிடித்தபடியே ஓடுகிற வண்டியும் ரேடியேட்டர் எவ்வளவு நன்றாயிருந்தாலும் சூடேறவே செய்யும் என்பதை மறந்துவிடலாகாது.

அலட்சியத்துக்கு அதிகம் உள்ளாகிற பாகம் ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி என்றே பலரும் எண்ணுகிறார்கள். வில்லும் ரப்பரும் கொண்ட அந்தச் சாதனம், உள்ளே அழுத்தத்தைத் தேக்கித் தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்குகிற மூடி நன்றாயிருந்தால், சமவெளியில் தண்ணீர் 110 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிய பிறகே கொதிக்கும். வத்தலக்குண்டு வழியாகக் காட் ரோடு ஏறிக் கொடைக்கானல் போகிறவர்கள், மேலே போகப் போகக் குளிர் கூடுகிறதே, வண்டி மட்டும் ஏன் பெருமாள்மலைக்கு அப்பால் கொதிக்கிறது என்று வியப்போடு கேட்பதுண்டு. ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சின் கடுமையாக உழைக்கிறது என்பது ஒரு காரணம். மற்றொன்று, 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவதால், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அங்கே ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்பது. ரப்பர் தேய்ந்த மூடியோடு மலையேறுகிற வண்டி, திறந்த பாத்திரத்தோடு ஏறுகிறது. வெள்ளி நீர்வீழ்ச்சியின் ஓரத்தில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிற பழைய வண்டிகளில், சொற்ப விலையுள்ள ஒரு மூடியால் காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவை பல.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எங்கள் தொழிலில் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கத்தை நான் வெளிப்படையாகவே கண்டிக்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டியதில்லை என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். உரிய சூட்டை எட்டாத எஞ்சின் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது. எண்ணெயில் ஈரம் தங்குகிறது. சிலிண்டரின் தேய்மானமும் கூடுகிறது. அந்தச் சிறிய வால்வைச் சோதிக்கப் பெரிய யந்திரங்கள் தேவையில்லை. பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியை வைத்து அடுப்பேற்றினால், அதன் மேல் பொறித்துள்ள டிகிரியை ஒட்டி அது திறக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். திறக்காததை மாற்ற வேண்டும்; திறப்பதை மறுபடியும் பொருத்த வேண்டும்.

இனி எங்கள் ஊருக்கே பிரத்தியேகமான காரணத்துக்கு வருகிறேன். திண்டுக்கல் வறண்ட பூமி. இங்குள்ள போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் கொண்டது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பரவிய பகுதிகளில் நிலத்தடி நீரின் உப்பு இன்னும் மிகுதி. அந்தத் தண்ணீரைக் காய்ச்சுகிற வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவார்கள். அதே சுண்ணாம்புப் பொருக்கு எஞ்சின் பிளாக்கின் உட்சுவரிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து, உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே திரையாகி, வெப்பம் கடந்து செல்லாதபடி தடுக்கிறது. உப்போ, இரும்பை அரித்துத் துருச்சேற்றை உண்டாக்குகிறது. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஆவியாகிப் போகிற தண்ணீர் தன் உப்பை உள்ளேயே விட்டுச் செல்கிறது. அந்தக் குறையை நிரப்ப நாம் ஊற்றுகிற புதுத் தண்ணீர் தன் பங்கு உப்பையும் கொண்டுவருகிறது. ஆகவே தினந்தோறும் தண்ணீர் ஊற்றி ஓட்டப்படுகிற வண்டியில் அடைப்பு வெகு சீக்கிரம் வளர்கிறது. ஒழுக்கைச் சகித்துக்கொண்டு செம்பும் கையுமாக ஓட்டுகிறவர், பெரிய செலவொன்றைச் சிறுகச் சிறுகத் தாமே சேர்த்து வைக்கிறார்.

நிலக்கோட்டைப் பக்கத்துப் பூ வியாபாரி ஒருவருடைய அம்பாசடர் இந்த உண்மைக்குச் சாட்சி. சமவெளியில் ஒழுங்காக ஓடிய அந்த வண்டி, சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க முடியாமல் ஒவ்வொரு முறையும் பாதியில் கொதித்து நின்றது. வேறோர் ஊரில் ரேடியேட்டரையும் பம்பையும் புதிதாக மாற்றியிருந்தார்கள், பலனில்லை. புதிய ரேடியேட்டரின் முகம் முழுவதையும் கையால் தொட்டுப் பார்த்தபோது எங்கும் ஒரே சீரான சூடு. குளிர்ந்த திட்டு எதுவும் இல்லாததால் அடைப்பு அங்கில்லை என்பது விளங்கிற்று. பிறகு பிளாக்கின் பக்கவாட்டில், பின்புறமாக உள்ள வடிகால் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. குழாயைக் கழற்றிக் கம்பியை நுழைத்துக் குத்திய பின்னரே, செங்காவி நிறத்தில் சேறு பிதுங்கி வந்தது. பின் சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் வருஷக்கணக்கான துருவும் சுண்ணாம்பும் இறுகிக் கிடந்தன. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, தண்ணீர் வழக்கமாக ஓடுகிற திசைக்கு எதிர்த்திசையில் பீய்ச்சி, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவிய பிறகு வண்டி சிறுமலையை நிற்காமல் ஏறிற்று. புதுப் பாகங்கள் செய்ய முடியாததை ஒரு கம்பியும் ஒரு ரப்பர் குழாயும் செய்தன.

ஆதலால் பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுவே. போர் தண்ணீரை ரேடியேட்டருக்கு விலக்குங்கள். ஐப்பசி மழையில், மொட்டைமாடி நன்கு கழுவப்பட்ட பிறகு விழுகிற தண்ணீரைக் கேன்களில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அல்லது பேட்டரிக்கு வாங்குகிற வாலைவடி நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். அந்தக் கலவை துருவைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்தும். ஆனால் அது இனிப்புச் சுவையுள்ள விஷமாதலால் குழந்தைகளுக்கும் பிராணிகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். ஒழுக்கு சிறிதாயினும் உடனே அடைத்துவிடுங்கள். வழியில் வண்டி கொதித்தால் ஓரமாக நிறுத்தி, ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். சீறி வருகிற ஆவி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். சுடுகிற எஞ்சினில் குளிர்ந்த நீரைச் சட்டென்று ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழக்கூடும். பட்டறைக்கு வரும்போது, எந்தப் பாகத்தை மாற்றலாம் என்ற யோசனையைப் பிறகு வைத்துக்கொண்டு, வண்டி எங்கே, எப்போது, எந்த ஓட்டத்தில் கொதித்தது என்பதை மட்டும் தவறாமல் குறித்துக்கொண்டு வாருங்கள். எங்கள் வேலையில் பாதி அதனாலேயே முடிந்துவிடும்.